ரம்மேஜ் என்னும் ஆங்கிலச் சொல்: கலைத்துத் தேடுவதா, அடுக்கி வைப்பதா?

செந்நெல் எழுதியது:

அவையோர் அனைவருக்கும் வணக்கம். சுங்கச் சட்டத்தைச் சட்ட மாணவர்களுக்காகத் தமிழில் விளக்கி எழுதும் பணியில் ஈடுபட்டிருக்கிறேன். 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டத்தில் 106-ஆம் பிரிவுக்கு வந்தபோது ஒரு சொல் என்னைத் தடுத்து நிறுத்திவிட்டது. கடத்தலுக்குப் பயன்பட்டது, பயன்படுகிறது அல்லது பயன்படவிருக்கிறது என்று நம்புவதற்குக் காரணம் இருக்குமானால், உரிய அதிகாரி ஒரு கப்பலையோ வண்டியையோ நிறுத்தலாம். வானூர்தியைத் தரையிறங்கச் செய்யலாம். பிறகு அதன் எந்தப் பகுதியையும் 'ரம்மேஜ்' செய்யவும் 'சர்ச்' செய்யவும் அவருக்கு அதிகாரம் உண்டு என்று அந்தப் பிரிவு கூறுகிறது.

'சர்ச்' என்பதற்குத் 'தேடுதல்', 'சோதனையிடுதல்' என்று எழுதிவிடலாம். 'ரம்மேஜ்' என்பதற்கு நான் புரட்டிய ஆங்கில அகராதிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே விளக்கத்தைத் தருகின்றன: பொருள்களை அப்படியும் இப்படியும் தள்ளி, ஒழுங்கில்லாமல் கலைத்துப் போட்டுத் தேடுதல். கைப்பைக்குள் சாவியைத் தேடுவதும், இழுப்பறையில் பழைய கடிதத்தைத் தேடுவதும் அகராதிகள் தரும் எடுத்துக்காட்டுகள். ஒரு நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் தன் அதிகாரிகளை ஒழுங்கில்லாமல் தேடச் சொல்லியிருக்குமா என்பதே என் ஐயம். இந்தச் சொல் எங்கிருந்து வந்தது, சட்டத்தில் எந்தப் பொருளில் நிற்கிறது என்பதை அறிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

செந்நெல் அவர்களின் ஐயம் நியாயமானது. விடை சொல்லின் பிறப்பிலேயே இருக்கிறது. இன்று கலைத்துப் போடுவதைக் குறிக்கும் இந்தச் சொல், பிறந்தபோது குறித்தது அதற்கு நேர் எதிரான செயலை. கப்பலின் சரக்கறையில் சரக்கை ஒழுங்காக அடுக்கி வைப்பதுதான் அதன் முதற்பொருள்.

பிரெஞ்சு மொழியில் சரக்கை அடுக்குவதற்கு 'அர்ரூமே' என்ற வினையும், அதிலிருந்து 'அர்ரூமாஜ்' என்ற பெயர்ச்சொல்லும் இருந்தன. 16-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலம் அந்தப் பெயர்ச்சொல்லை வாங்கிக்கொண்டது. வாங்கும்போது முதலில் நின்ற 'அ' உதிர்ந்தது. 'எஸ்குவயர்' என்பது 'ஸ்குவயர்' ஆனது போல, அழுத்தமில்லாத முதலுயிரை ஆங்கிலம் விழுங்கிவிடுவது வழக்கம். அந்தக் காலத்து ஏடுகளில் 'ரோமேஜ்', 'ரூமேஜ்', 'ரம்மிட்ஜ்' என்று பல எழுத்துக்கூட்டல்களைக் காணலாம். 1540-களில் 'சரக்கை அடுக்கு' என்னும் வினையாகவும் அது வழங்கத் தொடங்கிவிட்டது.

பிரெஞ்சு வினையின் அடியில் இருப்பது கப்பலின் சரக்கறையைக் குறித்த ஒரு பழஞ்சொல். அது ஜெர்மானியக் கிளையிலிருந்து பிரெஞ்சுக்குள் போனது. டச்சு மொழியில் 'ரௌம்' என்றால் வெளி, இடம். இன்றைக்கும் கப்பலின் சரக்கறைக்கு டச்சுக்காரர்கள் சொல்லும் சொல் அதுவே. ஜெர்மன் மொழியின் 'ரௌம்', ஆங்கிலத்தின் 'ரூம்' இரண்டும் அதற்கு உடன்பிறப்புகள். ஆகவே நாம் அன்றாடம் சொல்லும் 'ரூம்' என்ற அறையும் இந்த 'ரம்மேஜ்' என்ற தேடலும் ஒரே வேரில் கிளைத்தவை.

ஈற்றில் உள்ள 'ஏஜ்' விகுதியைத் துறைமுகத்தோடு பழகியவர்கள் உடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். டன்னேஜ், பைலட்டேஜ், வார்ஃபேஜ், டெமரேஜ் எல்லாம் இதே விகுதியைக் கொண்டவை. லத்தீனில் 'ஆட்டிகும்' என்றிருந்த ஈறு பிரெஞ்சில் 'ஆஜ்' ஆகி, ஒரு தொழிலையோ அதற்குரிய கட்டணத்தையோ குறிப்பதாயிற்று. லாரியை நிறுத்திவைத்ததற்கு 'டெமரேஜ்' கேட்கும் நம் ஊர் ஓட்டுநர் பயன்படுத்துவதும் அதே ஈறுதான்.

வடகரை எழுதியது:

அருமையான விளக்கம் ஐயா. சிறு ஐயம் ஒன்று. பழைய கப்பல்களில் 'ரம்' என்னும் மதுவைப் பீப்பாய்களில் ஏற்றிச் சென்றதாகவும், மாலுமிகள் அதைத் தேடிச் சரக்கறையைக் கிளறியதால் இந்தச் சொல் வந்ததாகவும் ஒரு விளக்கத்தைப் படித்திருக்கிறேன். அதற்கு ஆதாரம் உண்டா?

ஏட்டுச்சுவடி எழுதியது:

அதற்கு இடமில்லை, வடகரை அவர்களே. காலக்கணக்கு ஒன்றே போதும். கரிபியன் தீவுகளின் கரும்புப் பாகிலிருந்து காய்ச்சப்பட்ட அந்த மதுவின் பெயர் ஆங்கிலத்தில் 17-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில்தான் தோன்றுகிறது. 'ரம்மேஜ்' அதற்கு நூறாண்டுக்கும் மேலாக முற்பட்டது. ஓசை ஒத்திருப்பதால் கதை எளிதில் ஒட்டிக்கொண்டது.

ஆனால் மதுவுக்கும் இந்தச் சொல்லுக்கும் வேறொரு வழியில் உண்மையான தொடர்பு இருக்கிறது. அது திராட்சை மது. பிரான்சின் தென்மேற்கிலுள்ள போர்தோவும் அதைச் சூழ்ந்த நாடும் 12-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1453 வரை இங்கிலாந்து மன்னர்களின் ஆட்சியில் இருந்தன. அங்கிருந்து இங்கிலாந்துக்கு ஆண்டுதோறும் திராட்சை மது பெரும் பீப்பாய்களில் கப்பலேறியது. 'டன்' என்று அழைக்கப்பட்ட பெரிய பீப்பாய் 252 காலன் கொள்ளும். அதை அளவுகோலாகக் கொண்டே ஒரு கப்பல் எத்தனை பீப்பாய் ஏற்றும் என்று கணக்கிட்டார்கள். கப்பலின் கொள்ளளவுக்கு 'டன்னேஜ்' என்ற பெயரும், எடைக்கு 'டன்' என்ற பெயரும் அதிலிருந்தே வந்தன. அதில் பாதியளவான பீப்பாய்க்கு ஆங்கிலத்தில் 'பைப்', போர்த்துகீசிய மொழியில் 'பிப்பா'. நம்முடைய 'பீப்பாய்' அந்தப் 'பிப்பா'விலிருந்து வந்ததே.

அந்தக் கடற்கரைத் துறைமுகங்களில் 'அர்ரூமர்' என்றொரு பணியாளர் வகுப்பு இருந்தது. வணிகர்களிடம் கூலி பெற்றுக்கொண்டு அவர்களுடைய சரக்கை, குறிப்பாகப் பீப்பாய்களை, கப்பலுக்குள் சேதமில்லாமல் அடுக்கித் தருவது அவர்கள் தொழில். நம் சொல்லின் கருவறை அந்தச் சரக்கறைதான்.

பாய்மரம் எழுதியது:

செந்நெல் அம்மா அவர்களுக்கு வணக்கம். தூத்துக்குடியில் கப்பல் முகவர் அலுவலகம் ஒன்றில் நெடுங்காலம் பணியாற்றி ஓய்வு பெற்றவன் என்ற முறையில், அடுக்குவது எப்படித் தேடுவதாக மாறியது என்பதைச் சரக்கறையின் பக்கத்திலிருந்து சொல்லலாம் என்று எண்ணுகிறேன். அகராதிகள் பொருள் மாறிய ஆண்டைக் கூறுகின்றன. ஏன் மாறியது என்பதை ஹேட்சுக்குள், அதாவது சரக்கறையின் வாய் வழியே, இறங்கிப் பார்த்தவர்கள் எளிதில் உணர்வார்கள்.

பீப்பாயை அடுக்குவதற்கு என்றே ஒரு முறை இருந்தது. அடைப்புத் துளை மேல்நோக்கி இருக்க வேண்டும், இல்லையேல் கசியும். பீப்பாயின் வயிறு, அதாவது நடுவே புடைத்திருக்கும் பகுதி, தரையிலோ அடுத்த பீப்பாயிலோ படக் கூடாது. அது வலுக் குறைந்த இடம்; பாரம் அதன்மேல் விழுந்தால் பலகைகள் விலகிவிடும். ஆகையால் வயிற்றுக்கு இருபுறமும், தலைப்பகுதிக்கு அருகில் கட்டையும் ஆப்பும் வைத்துப் பீப்பாயைத் தாங்கினார்கள். கீழ்வரிசையின் நான்கு பீப்பாய்களுக்கு நடுவில் விழும் பள்ளத்தில் மேல்வரிசையின் ஒரு பீப்பாய் அமர்ந்தது. இடைவெளிகளில் விறகுக் கட்டையையும் சுள்ளியையும் திணித்தார்கள். நாங்கள் இன்று 'டன்னேஜ் (dunnage) பலகை' என்று சொல்வது அதன் வழிவந்ததே; கப்பலின் கொள்ளளவைக் குறிக்கும் 'டன்னேஜ்' (tonnage) வேறு. ஒரு பீப்பாய் அசைந்தால், கப்பல் சாயும் ஒவ்வொரு முறையும் அது பக்கத்துப் பீப்பாயை இடிக்கும். நடுக்கடலில் சரக்கு ஒருபுறமாக நகர்ந்துவிட்டால் கப்பலே கவிழும். அடுக்குவதற்குத் தனித் தொழிலாளர்களும் தனிச் சொல்லும் ஏற்பட்டதன் காரணம் இதுதான்.

இனி, அவ்வாறு இறுக அடுக்கிய சரக்கறையின் அடிவரிசையில் உள்ள ஒன்று தேவைப்படுகிறது என்று வைத்துக்கொள்வோம். வழியில் ஒரு துறைமுகத்தில் அதை இறக்க வேண்டும். அல்லது எங்கோ கசிகிறது, எது என்று தெரியவில்லை. மேல்வரிசையைப் பெயர்க்காமல் கீழ்வரிசையைத் தொட முடியாது. பெயர்த்ததை வைப்பதற்கு இன்னோர் இடத்தை ஒழிக்க வேண்டும். அங்கிருப்பதையும் நகர்த்த வேண்டும். பார்த்து முடித்தபின் எல்லாவற்றையும் திரும்ப அடுக்க வேண்டும். ஆக, அடுக்குதல், மாற்றி அடுக்குதல், நகர்த்தித் தேடுதல் மூன்றும் ஒரே ஆட்கள் ஒரே இடத்தில் ஒரே மூச்சில் செய்யும் வேலை. மூன்றுக்கும் ஒரே சொல் வழங்கியதில் வியப்பில்லை. தளத்தின் மேல் நின்று கேட்பவருக்கு உள்ளே உருட்டலும் இரைச்சலும்தான் கேட்கும். அந்த இரைச்சலுக்குப் பின்னால் இருந்த ஒழுங்கு கீழே இறங்கியவர்களுக்கு மட்டுமே தெரியும்.

சட்டத்தில் அந்தச் சொல் எந்தப் பொருளில் நிற்கிறது என்பது அம்மா கேட்ட இரண்டாவது கேள்வி. சுங்கத்துறையினர் கப்பலில் 'ரம்மேஜிங்' செய்வதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒழுங்கின்மை என்பதற்கே இடம் கிடையாது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, கப்பலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஆளுக்கொரு பகுதி என்று வகுத்துக்கொண்டுதான் இறங்குவார்கள். மாலுமியின் அறைக்குள் நுழைந்தவர் முதலில் எதையும் தொடமாட்டார்; டார்ச்சு வெளிச்சத்தைச் சுவரோடு ஒட்டிச் சாய்த்து அடித்து, கூரைத் தகட்டிலும் சுவர்த் தகட்டிலும் உள்ள திருகாணிகளின் தலைகளைப் பார்ப்பார். மற்ற திருகாணிகளின் மேல் பழைய வண்ணம் மூடியிருக்க, இரண்டில் மட்டும் வண்ணம் உரிந்து உலோகம் பளிச்சிட்டால், அந்தத் தகடு அண்மையில் கழற்றப்பட்டிருக்கிறது என்று பொருள். பிறகுதான் திருப்புளி வெளியே வரும். எந்திர அறையில் எல்லா நட்டுகளிலும் எண்ணெய்ப் பிசுக்கு படிந்திருக்க ஒன்று மட்டும் துடைத்தாற்போல் இருந்தாலும், பழைய சுவரில் ஒரு சதுரம் மட்டும் புது வண்ணமாக இருந்தாலும் அங்கே நிற்பார்கள். உள்ளே இருக்கும் அறையின் நீளத்தையும் வெளியே நடைவழியின் நீளத்தையும் அளந்து, கணக்கு இடித்தால் நடுவில் பொய்ச்சுவர் இருக்கிறதா என்று தட்டிப் பார்ப்பார்கள். இதைக் 'கலைத்துத் தேடுதல்' என்று தமிழில் எழுதினால் அந்தப் பணியையே தவறாகக் காட்டியதாகிவிடும் என்று கருதுகிறேன்.

குறிஞ்சித்தேன் எழுதியது:

பாய்மரம் ஐயாவின் விளக்கம் கண்முன் காட்சியாக விரிகிறது. இருந்தாலும் ஒரு மாற்றுக் கருத்தை முன்வைக்க விரும்புகிறேன். ஒரு சொல்லின் பொருளை அதன் பிறப்பைக் கொண்டு முடிவு செய்வது ஆபத்தானது. இன்று ஓர் ஆங்கிலேயர் 'ரம்மேஜ்' என்னும்போது அவர் மனத்தில் பீப்பாயும் இல்லை, சரக்கறையும் இல்லை. கலைந்த இழுப்பறைதான் இருக்கிறது. இன்றைய வழக்கை விட்டுவிட்டுப் பழைய வழக்கை மொழிபெயர்த்தால் அது வாசகருக்குச் செய்யும் நேர்மையாகுமா?

இதற்கு நெருங்கிய இன்னொரு சொல்லையும் பாருங்கள். 'ரான்சாக்' என்றால் இன்று சூறையாடுவது, வீட்டைத் தலைகீழாகப் புரட்டிப் போட்டுத் தேடுவது. அதன் மூலம் பழைய நார்ஸ் மொழியின் 'ரன்சாகா'. 'ரன்' என்றால் வீடு. பின்பகுதி தேடுதலைக் குறித்தது. களவுபோன பொருள் ஒருவர் வீட்டில் இருக்கிறதா என்று சட்டப்படி உள்ளே சென்று பார்ப்பதற்கான சொல் அது. தேடப் போகிறவரே பொருளை மறைத்துக் கொண்டுபோய் வைத்துவிடக் கூடாது என்பதற்காக, இடைக்கச்சையை அவிழ்த்துவிட்டு உள்ளே செல்ல வேண்டும் என்று பழைய நார்வேச் சட்டம் விதித்திருந்தது. அவ்வளவு முறையோடு நடந்த ஒன்றின் பெயர் ஆங்கிலத்தில் கொள்ளையின் பெயராகிவிட்டது. ஆனால் ஐஸ்லாந்து மொழியில் அதே சொல் வேறு திசையில் வளர்ந்து, இன்று 'ரன்சோக்ன்' என்றால் பல்கலைக்கழகங்களில் நடக்கும் ஆராய்ச்சி. சுவீடனில் 'ரன்சாகா' என்றால் ஆராய்தல், விசாரித்தல். மூன்று மொழிகளிலும் வேர் ஒன்று. ஆனால் ஆங்கிலச் சொல்லை நாம் 'ஆராய்ச்சி' என்று மொழிபெயர்க்க மாட்டோம். அவ்வாறே 'ரம்மேஜ்' என்பதையும் இன்றைய ஆங்கில வழக்கின்படி கொள்வதே சரி என்பது என் எண்ணம்.

ஏட்டுச்சுவடி எழுதியது:

குறிஞ்சித்தேன் அவர்கள் கூறும் நெறியை நான் முழுமையாக ஏற்கிறேன்; பிறப்பு பொருளாகாது. ஆனால் அந்த நெறியே இங்கே எதிர்த்திசையில் வழிகாட்டுகிறது. இன்றைய ஆங்கிலத்தில் 'ரம்மேஜ்' ஒன்றல்ல, இரண்டு. ஒன்று வீட்டு வழக்கு. மற்றொன்று சுங்கத்துறை வழக்கு. இரண்டாவது அழிந்துபோன பழஞ்சொல் அன்று. இன்றும் உயிரோடு வழங்குவது. சென்னை விமான நிலையச் சுங்கத்துறையினர் வெளியிடும் ஆங்கிலச் செய்திக்குறிப்புகளில், வானூர்தியின் இருக்கைக்கு அடியிலோ கழிவறையிலோ கேட்பாரற்றுக் கிடந்த தங்கத்தைக் கண்டெடுத்த செய்தி வரும்போது 'வானூர்தியை ரம்மேஜ் செய்தபோது' என்ற தொடர் இயல்பாக வருவதைக் காணலாம். பாய்மரம் ஐயா கேட்டுப் பழகிய சொல்லும் அதுவே. சட்டத்தை மொழிபெயர்ப்பவர் பின்பற்ற வேண்டிய இன்றைய வழக்கு, சட்டத்தைக் கையாள்வோரின் வழக்குதான்.

இரு வழக்குகளும் எப்போது பிரிந்தன என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1610-களை ஒட்டி, சரக்கறையை முழுவதும் நகர்த்திப் பார்த்துத் தேடுதல் என்ற பொருள் நிலைபெறுகிறது. அதற்குச் சற்று முன்பே, சரக்கறையின் உருட்டலும் இரைச்சலும் கரையேறி, பொதுவான பரபரப்பையும் அமளியையும் குறிக்கத் தொடங்கிவிட்டன. 1600-ஐ ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்' நாடகத்தின் முதற்காட்சியில், டென்மார்க் நாடே போருக்கு ஆயத்தமாகி நிற்கிறது, பீரங்கிகள் வார்க்கப்படுகின்றன, கப்பல் தச்சர்கள் ஞாயிற்றுக்கிழமையும் ஓய்வின்றி வேலை செய்கிறார்கள். அந்த நிலையை விளக்கும் ஹொரேஷியோ, நாட்டில் நிகழும் 'ரோமேஜ்' என்று இச்சொல்லைத்தான் கையாள்கிறான். கப்பல் தச்சர்களைப் பற்றிய பேச்சை ஒட்டியே கப்பற்சொல் வந்து விழுவது எனக்கு எப்போதும் மகிழ்ச்சி தருவது. அமளி என்ற அந்தப் பொருள் பின்னர் மறைந்துவிட்டது. அதன் சாயல் மட்டும் வீட்டு வழக்கில் தங்கியது. தேடுதல் என்ற பொருளோடு அந்த ஒழுங்கின்மையின் சாயல் கலந்ததுதான் இன்றைய கலைந்த இழுப்பறை.

19-ஆம் நூற்றாண்டில் துறைமுகத்திலிருந்து இன்னொரு கிளை புறப்பட்டது. யாரும் உரிமை கோராமல் கிடங்கில் தங்கிய சரக்கையும் சேதமடைந்த சரக்கையும் ஒழித்துக்கட்ட நடந்த விற்பனைக்கு 'ரம்மேஜ் சேல்' என்று பெயர். பின்னர் தேவாலயங்களும் அறநிலையங்களும் வீடு வீடாகத் திரட்டிய பழைய துணிமணி, தட்டுமுட்டுச் சாமான்களை விற்று நிதி சேர்க்கும் விற்பனைக்கு அப்பெயர் போயிற்று. அமெரிக்கர்கள் இன்றும் அப்படியே சொல்கிறார்கள். பிரிட்டனில் 'ஜம்பிள் சேல்' என்ற பெயர் முந்திக்கொண்டது. நம்முடைய 'ஏலம்' என்ற சொல்லும் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்ததாகவே அறிஞர்கள் கொள்கிறார்கள் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

முத்துச்சிப்பி எழுதியது:

போர்த்துகீசிய மொழி என்றதும் ஒன்று கேட்கத் தோன்றியது. சில ஆண்டுகள் லிஸ்பனில் வாழ்ந்தேன். அங்கே 'அர்ருமார்' என்றால் வீட்டை ஒழுங்குபடுத்துவது. விருந்தினர் வருவதற்கு முன் அறையை 'அர்ருமார்' செய்யச் சொல்வார்கள். பிள்ளைகளிடம் விளையாட்டுச் சாமான்களை 'அர்ருமார்' செய்யச் சொல்வார்கள். ஏட்டுச்சுவடி ஐயா கூறிய பிரெஞ்சு வினையோடு ஓசையும் பொருளும் அப்படியே பொருந்துகின்றனவே?

ஏட்டுச்சுவடி எழுதியது:

நல்ல கேள்வி. ஸ்பானிய மொழியில் 'அர்ருமார்' என்பது கப்பலில் சரக்கை அடுக்குதலையே குறிக்கிறது. அது பிரெஞ்சிலிருந்து வந்தது என்று ஸ்பானிய அகராதி கூறுகிறது. போர்த்துகீசியச் சொல்லில் அறிஞர்கள் இரு பிரிவாக நிற்கிறார்கள். ஒரு சாரார் அதையும் பிரெஞ்சு வினையோடு சேர்க்கிறார்கள். மற்றொரு சாரார், கப்பல் செல்லும் திசையைக் குறிக்கும் 'ரூமு' என்ற போர்த்துகீசியச் சொல்லிலிருந்து அது கிளைத்தது என்கிறார்கள். முதற்கருத்து சரியானால், ஒரே சரக்கறையிலிருந்து கிளம்பிய சொல் லிஸ்பனில் வீட்டை ஒழுங்குபடுத்தவும் லண்டனில் அதைக் கலைக்கவும் பயன்படுகிறது என்றாகும். எனக்கு அந்தக் கருத்தின் பக்கமே சாய்வு உண்டு. கப்பலோட்டிகளின் சொற்கள் அந்தக் கடற்கரையில் மொழிக்கு மொழி கைமாறிக்கொண்டே இருந்தன.

பிரெஞ்சில் இன்றைய வடிவம் 'அரிமாஜ்'. சரக்கை அடுக்கிக் கட்டுவதற்கு அந்தச் சொல்லே இன்றும் வழங்குகிறது. விண்வெளியில் ஒரு விண்கலம் மற்றொன்றோடு இணைவதையும் பிரெஞ்சுக்காரர்கள் 'அரிமாஜ்' என்கிறார்கள். சொல் அங்கே தன் ஒழுங்கைக் கடைசிவரை கைவிடவில்லை.

வடகரை எழுதியது:

அப்படியானால் தமிழில் எப்படித்தான் எழுதுவது? சட்டத்துக்கு ஒரு சொல், கதைக்கு ஒரு சொல் என்று இரண்டு வேண்டியிருக்கிறதே.

குறிஞ்சித்தேன் எழுதியது:

இரண்டு வேண்டும் என்றே நினைக்கிறேன். சுங்கத்துறை வழக்கு உயிரோடு இருக்கிறது என்று ஏட்டுச்சுவடி ஐயா எடுத்துக்காட்டிய பிறகு, சட்டத்தைப் பொறுத்தவரை எனக்கு மறுப்பு இல்லை. கதைக்கும் கட்டுரைக்கும் உரிய சொற்களைப் பற்றி மட்டும் கூறுகிறேன். ஏனெனில் தமிழில் இந்தத் துறை மிகச் செழிப்பானது, மொழிபெயர்ப்பாளர்களோ பெரும்பாலும் 'தேடினான்' என்ற ஒன்றோடு நிறுத்திவிடுகிறார்கள்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் கையால் தேடுவது துழாவுதல். இருட்டில் தீப்பெட்டியைத் துழாவுகிறோம். பைக்குள் சில்லறையைத் துழாவுகிறோம். அந்தச் சொல்லுக்குள் கலக்குவதும் சேர்ந்திருக்கிறது. பானையில் அகப்பையால் துழாவுவதும் அதுதான். புறநானூற்றின் 188-ஆம் பாடலில் பாண்டியன் அறிவுடைநம்பி, நெய்ச்சோற்றில் கையிட்டு அளையும் குழந்தையைக் காட்டும்போது 'துழந்தும்' என்கிறான், அதே சொற்குடும்பம். கிளறுதல் என்றால் அடியில் கிடப்பது மேலே வரவேண்டும். கோழி குப்பையைக் கிளறுவது போல. அதில் குலைவு தெளிவாகத் தெரியும். குடைதல் என்றால் ஆழமும் விடாப்பிடியும் உண்டு. அலமாரியைக் குடைகிறான் என்றால் பாதியில் விடமாட்டான் என்று புரிகிறது. துருவுதல் நுணுக்கமானது, அதில் கலைப்பதற்கு வேலையில்லை. அலசுதல் முழுமையைச் சொல்கிறது. ஆங்கிலக் கதையில் ஒரு மூதாட்டி தன் கைப்பையை 'ரம்மேஜ்' செய்தால் 'துழாவினாள்' என்பேன். திருடன் இழுப்பறையைச் செய்தால் 'கிளறிப் போட்டான்' என்பேன். சிறுவன் பரணில் பழைய பொம்மையைத் தேடினால் 'குடைந்தான்' என்பேன்.

பாய்மரம் எழுதியது:

குறிஞ்சித்தேன் அவர்கள் பிரித்துக் காட்டியது மிக நன்று. சட்டத்துக்குரிய சொல்லைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் நினைவில் கொள்ளுமாறு செந்நெல் அம்மாவைக் கேட்டுக்கொள்கிறேன். 'ரம்மேஜ்' என்ற சொல் 'சர்ச்' என்பதற்கு மேல் கூட்டுவது பெயர்த்தெடுக்கும் உரிமையைத்தான். கண்ணால் பார்த்துத் திரும்பினால் அது வெறும் பார்வை. சரக்கை நகர்த்தி, தகட்டைக் கழற்றி, தொட்டியைத் திறந்து, ஒன்றின் பின்னால் ஒன்று என்ன இருக்கிறது என்று பார்ப்பதே இது.

ஏட்டுச்சுவடி எழுதியது:

'சர்ச்' என்பதன் வேரும் இதற்கு ஒத்துவருகிறது. 'சுற்றிவருதல்' என்னும் பொருளுடைய லத்தீன் வினையிலிருந்து பிரெஞ்சு வழியாக வந்தது அது. வட்டத்தைக் குறிக்கும் 'சர்க்கஸ்' அதன் அடி. எனவே ஒன்று சுற்றிவந்து பார்ப்பது, மற்றொன்று உள்ளே இறங்கிப் பெயர்த்துப் பார்ப்பது. சட்ட ஆங்கிலம் இப்படி இணைச்சொற்களை அடுக்குவதை விரும்பும். பல இடங்களில் இரண்டும் ஒரே பொருள் தரும். இங்கே அப்படியன்று. 1962-ஆம் ஆண்டின் சட்டம், 1878-ஆம் ஆண்டின் கடற்சுங்கச் சட்டத்துக்கு மாற்றாக வந்தது. கப்பலை மனத்தில் கொண்டு வளர்ந்த மொழி அது. வானூர்தியும் வண்டியும் சேர்ந்தபோதும் கப்பற்சொல் தன் இடத்தில் நிலைத்துவிட்டது.

செந்நெல் எழுதியது:

பெரியோர் அனைவருக்கும் நெஞ்சார்ந்த நன்றி. ஒரு சொல்லுக்காக இத்தனை பேர் இத்தனை அக்கறையோடு எழுதியிருப்பது எனக்குப் பெரும் ஊக்கம்.

106-ஆம் பிரிவின் அந்த வரியை இப்படி எழுதியிருக்கிறேன்: "அந்த வானூர்தி, வண்டி அல்லது கலத்தின் எந்தப் பகுதியையும் பெயர்த்தாய்ந்து தேடலாம்." 'பெயர்த்தாய்தல்' என்பதற்கு அடியில் ஒரு விளக்கமும் சேர்த்திருக்கிறேன்: சரக்கு, தகடு, மூடி முதலியவற்றை நகர்த்தியும் கழற்றியும் இண்டு இடுக்கு விடாமல் முறையாகச் சோதிப்பது. அதே பிரிவில் அடுத்து வரும் கூறுகள், கலத்திலுள்ள சரக்கைப் பார்வையிட்டுத் தேடவும், சாவி தரப்படாவிட்டால் கதவின் பூட்டையும் சிப்பத்தின் பூட்டையும் உடைக்கவும் அதிகாரம் தருகின்றன. பாய்மரம் ஐயா கூறியபடி பெயர்த்தெடுக்கும் உரிமை முதற்கூறிலேயே வெளிப்பட்டுவிட்டால், பூட்டை உடைக்கும் உரிமை ஏன் மூன்றாவதாகத் தொடர்கிறது என்பது மாணவர்களுக்குத் தானாகவே விளங்கும்.

'சோதனை' என்ற சொல்லையே தலைப்பில் வைத்துக்கொள்ளலாமா, அல்லது அங்கும் 'பெயர்த்தாய்தல்' வர வேண்டுமா என்பது மட்டும் எஞ்சியிருக்கிறது.

பாய்மரம் எழுதியது:

தலைப்பில் 'சோதனை' என்றே இருக்கட்டும் அம்மா. அந்தப் பிரிவின் ஆங்கிலத் தலைப்பும் நிறுத்துதல், தேடுதல் என்ற இரண்டை மட்டுமே கூறுகிறது. உட்கூறில் 'பெயர்த்தாய்ந்து' என்பதைத் தயங்காமல் வையுங்கள். துறைமுகத்தில் உள்ளவர்களுக்குப் படித்தவுடன் புரியும்.